சிக்கன விலையில் புது கார் வாங்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் முதல் தடவையாகப் புது கார் வாங்கப் போகும் குடும்பங்களுக்காக எழுதியது. ஷோரூம் விலை ஏறக்குறைய 4 முதல் 8 லட்சம் வரை உள்ள பெட்ரோல் ஹேட்ச்பேக், சின்ன செடான் வண்டிகளைத்தான் இங்கே 'சிக்கன விலை' என்கிறோம். இந்த விலையில் வரும் இன்ஜின் நன்றாகவே உழைக்கும். விலையைக் குறைக்க கம்பெனி எங்கெங்கே கை வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அப்படி மிச்சம் பிடித்த பணத்தை பில் போடும் மேசையில் விட்டுவிடாதீர்கள். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றித்தான்.

விளம்பரத்தில் 6.5 லட்சம் என்று போட்டிருந்தது. ஷோரூமில் 7.7 லட்சம் கேட்கிறார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால்தான் ஆன்-ரோடு விலை.

இதில் பெரியது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி விகிதம் மாறியது. புது காரின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 15%, அதற்கு மேல் 20%. இது ஆயுள் வரி, ஒரே தடவை கட்டினால் போதும்.

6,50,000 ரூபாய் காருக்குக் கணக்குப் போட்டால், சாலை வரி 84,500. இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன்களோடு (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்புகள்) சேர்த்து சுமார் 30,000. பதிவுக் கட்டணம் 600, கடனில் வாங்கினால் அதைப் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டு 200, ஃபாஸ்டேக் சில நூறு. மொத்தம் 7.68 லட்சம் பக்கம் வரும். ஷோரூம்காரர் இதைவிட இருபதாயிரம், முப்பதாயிரம் கூடுதலாகச் சொன்னால், பில்லில் எந்த இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். விலை 10 லட்சத்தைத் தொட்டு நிற்கும் மாடல் பார்க்கிறீர்கள் என்றால் கவனம் தேவை. 9.9 லட்சத்துக்கு வரி 1,28,700. 10.1 லட்சத்துக்கு 1,51,500. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ்ஸும் (விற்பவர் வசூலித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சாலை வரி திரும்பாது.

ஜிஎஸ்டி குறைந்ததாமே, அது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறதா?

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18%. அதற்கு முன் 28 சதவீதமும் 1% செஸ்ஸும் இருந்தன. வரியோடு சேர்ந்த விலையில் இது சுமார் 8.5% குறைவு. பழைய கொட்டேஷன் கையில் இருந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

புக்கிங் செய்த நாளின் விலை உங்களுக்கு உறுதி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான புக்கிங் படிவங்களில் 'டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும்' என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

பில்லில் எதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லலாம்?

எழுத்தில் கொட்டேஷன் கேளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லும் மொத்தத் தொகைக்குத் தலையாட்டாதீர்கள். தாளில் வரி வரியாகப் பார்த்தால் பெரும்பாலும் இவை இருக்கும்:

'ஹேண்ட்லிங் சார்ஜ்' அல்லது 'லாஜிஸ்டிக்ஸ்'. இது அரசுக்குப் போகும் கட்டணம் இல்லை. எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே டீலரின் பங்கு அடக்கம். எடுத்துவிடச் சொல்லுங்கள்.

'எசென்ஷியல் கிட்'. மிதியடி, மட் ஃப்ளாப், கார் கவர், சாவிக் கொத்து. எட்டு முதல் பதினைந்தாயிரம் வரை போடுவார்கள். இதே சாமான்கள் வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும். கட்டாயம் என்று சொன்னால், கட்டாயம் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

டெஃப்லான், செராமிக் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங். புது வண்டியின் அடிப்பகுதிக்குக் கம்பெனியிலேயே துருத்தடுப்பு பூசித்தான் வரும். கடற்கரை ஓரம், உப்புக்காற்றில் வண்டி நிற்கும் என்றால் அண்டர்பாடி கோட்டிங்கைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நம்பர் பிளேட்டுக்குத் தனியாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே தர வேண்டும்.

வாரண்டி நீட்டிப்பை மட்டும் அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். வண்டியை ஏழெட்டு வருடம் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்களுக்கு, அது உதவும். ஆனால் அதை டெலிவரி நாளிலேயே வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் பல கம்பெனிகள் தருகின்றன. எந்தக் கெடு வரை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் மாடலில் என்னென்ன இருக்காது?

சட்டப்படி எல்லா மாடலிலும் இருந்தே ஆக வேண்டியவை சில: முன்பக்கம் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் போடாவிட்டால் சத்தம், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும் எச்சரிக்கை (120ஐத் தாண்டினால் நிற்காமல் ஒலிக்கும்). இவற்றை 'ஸ்பெஷல் வசதி' என்று யாராவது பட்டியல் போட்டால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

குறைப்பது இங்கேதான்: பின் கதவுக் கண்ணாடி கையால் சுற்றுவதாக இருக்கும். பக்கக் கண்ணாடியை வெளியே கை நீட்டித் திருப்ப வேண்டும். சீட் உயரத்தை மாற்ற முடியாது. பின் சீட்டில் தலைக்குத் தனி ஹெட்ரெஸ்ட் இருக்காது, சீட்டோடு ஒட்டியே இருக்கும். மியூசிக் சிஸ்டம், ஸ்பீக்கர், டிக்கியை மூடும் பார்சல் டிரே, வீல் கப் எதுவும் வராது. பின் கண்ணாடிக்கு வைப்பரும் டீஃபாகரும் இருக்காது.

இதில் எது உங்களுக்கு முக்கியம் என்பது வீட்டைப் பொறுத்தது. உயரம் குறைவானவர் ஓட்டினால் சீட் உயரம் மாற்றும் வசதி அவசியம். அது இல்லாமல் கீழே தலையணை வைத்து ஓட்டினால் பெல்ட் இடுப்பில் சரியாக உட்காராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசி போட்டுக்கொண்டு போகும்போது பின் கண்ணாடி முழுக்கப் பனிபோல் படிந்துவிடும். அப்போதுதான் டீஃபாகரின் அருமை தெரியும். அதைப் பின்னால் வெளியே போட முடியாது, கண்ணாடியோடு வர வேண்டியது. மியூசிக் சிஸ்டம் அப்படியில்லை, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பேஸ் மாடலுக்கு அடுத்தது, அதாவது கீழிருந்து இரண்டாவது மாடல்தான் சரிப்படும். பேஸ் மாடலை வாங்கி வெளியே எல்லாம் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், வெளியே போட முடியாதவை எவை என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியையும் பாருங்கள். சில மாடல்களில் ஸ்டெப்னி, ஓடும் டயரைவிடச் சின்ன அளவில் இருக்கும். சிலவற்றில் ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் இருக்கும். சின்ன ஸ்டெப்னி போட்டால் 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது, பஞ்சர் கடை வரைக்கும்தான் அது. பஞ்சர் கிட், ஆணி குத்திய ஓட்டைக்குச் சரி. குழியில் இறங்கி டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆறு ஏர்பேக் இருந்தால் பாதுகாப்பான கார்தானே?

ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் போதாது. மோதலில் உட்காரும் இடம் நசுங்காமல் நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கூடு நசுங்கினால் ஏர்பேக் விரிய இடமே இருக்காது.

நம் நாட்டின் பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடக்கிறது. கட்டாயம் இல்லை, கம்பெனி விரும்பினால் வண்டியைக் கொடுக்கும். முன் மோதல் 64 கிலோமீட்டர் வேகத்தில், பக்க மோதல் 50 கிலோமீட்டர் வேகத்தில். பெரியவர்களுக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49. ஸ்டார் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், 'பாடி ஷெல்' (வண்டியின் கூடு) நிலையானதா, நிலையற்றதா என்று குளோபல் என்கேப் (இதே மாதிரி சோதிக்கும் சர்வதேச அமைப்பு) அறிக்கைகளில் போட்டிருப்பதையும் படியுங்கள். சோதித்த வண்டியில் எத்தனை ஏர்பேக் இருந்தது, எந்த வருடத்து மாடல் என்பதும் அதில் இருக்கும். இரண்டு ஏர்பேக்கோடு சோதித்துக் குறைந்த ஸ்டார் வாங்கிய வண்டியில் இப்போது ஆறு ஏர்பேக் வந்திருக்கலாம். அதனால் கூடு தானாக உறுதியாகிவிடாது.

சீட் கவர் போடலாமா? டேஷ்போர்டில் பிள்ளையார் வைக்கலாமா?

ஆறு ஏர்பேக் என்றால் அதில் இரண்டு, முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்துக்குள் மடித்து வைத்திருக்கும். சீட்டின் பக்கவாட்டில் 'எஸ்ஆர்எஸ் ஏர்பேக்' என்று ஒரு சின்னத் துணிச் சீட்டு தைத்திருப்பார்கள், தடவிப் பாருங்கள். மோதிய கணத்தில் அந்தத் தையல் பிய்ந்து பை வெளியே வர வேண்டும். அதன் மேல் தடித்த ரெக்ஸின் கவரை இழுத்துத் தைத்து மூடினால் பை எந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. கவர் வேண்டும் என்றால் அந்த ஓரத்தைத் திறந்து விட்ட, ஏர்பேக் சீட்டுக்கென்றே தைத்த கவராகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ஏர்பேக் மட்டும் உள்ள வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

பிள்ளையாரை நடுவில், சின்னதாக வையுங்கள். இடப்பக்கம் 'எஸ்ஆர்எஸ்' என்று எழுதிய இடத்தின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். ஏர்பேக் விரியும்போது அங்கே ஒட்டிய சிலை, முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தை நோக்கித்தான் வரும். கைக்குழந்தையின் சீட்டையும் முன் பக்கம் வைக்கக் கூடாது.

முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. மோதலின் வேகத்தை வாங்கி நசுங்க வேண்டிய பகுதியை அது நசுங்க விடாது.

மைலேஜ் 24 என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

24 என்பது சோதனைக்கூடத்தில், உருளை மேல் ஓட்டி எடுத்த அளவு. நகரத்து நெரிசலில், ஏசி போட்டு ஓட்டினால் 14 முதல் 16 எதிர்பாருங்கள். நெடுஞ்சாலையில் 80, 90இல் ஒரே சீராகப் போனால் 20ஐத் தாண்டும். 110, 120க்குப் போனால் மறுபடி இறங்கிவிடும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 கிடைக்கும் வண்டிக்கு மாதம் சுமார் 6,670 ரூபாய். 17 கிடைத்தால் 5,880. மாதம் 800 ரூபாய்தான் வித்தியாசம். மைலேஜில் இரண்டு கிலோமீட்டர் கூட என்பதற்காக உறுதி குறைந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சரியாக அளக்க: டேங்க்கைத் தானாக நிற்கும் வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் போதும். முதல் 2,000 கிலோமீட்டர் வரை வரும் அளவை வைத்து மனம் தளர வேண்டாம்.

இ20 பெட்ரோல் புது வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும். இப்போது விற்கும் வண்டிகளின் ரப்பர் குழாய், சீல், பம்ப் எல்லாம் 20% எத்தனாலைத் தாங்கும் பொருளில்தான் வருகின்றன. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு, கோளாறு அல்ல.

மூன்று சிலிண்டர் இன்ஜின் அதிருமா? நாலு பேரோடு ஏசி போட்டால் இழுக்குமா?

நின்றிருக்கும்போது ஸ்டியரிங்கிலும் கியர் லீவரிலும் லேசான அதிர்வு தெரியும். வண்டி நகர்ந்ததும் போய்விடும். போகவில்லை என்றால் இன்ஜின் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1 லிட்டர் இன்ஜின் ஏறக்குறைய 67 குதிரைத்திறன் தரும். ஊருக்குள் ஓட்ட அது போதும். ஆனால் ஐந்து பேர், பெட்டிகள், ஏசி எல்லாவற்றோடும் ஏற்காடோ ஊட்டியோ ஏறும்போது இரண்டாவது கியரிலேயே இருக்க வேண்டி வரும். லாரியை முந்த அதிக தூரம் எடுக்கும். மாதம் ஒரு தடவையாவது குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் 1.2 லிட்டரைப் பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாமல் வீட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாகப் போட்டு, மேம்பாலம் ஒன்றில் ஏறிப் பாருங்கள். காலியான சாலையில் சேல்ஸ்மேனோடு இரண்டு கிலோமீட்டர் போய் வருவதில் ஒன்றும் தெரியாது.

இந்த விலையில் வரும் ஆட்டோமேட்டிக்கை நம்பலாமா?

இந்த விலையில் பெரும்பாலும் ஏஎம்டிதான். சாதாரண கியர்பாக்ஸ்தான் அது. கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக மோட்டார் மாற்றும், அவ்வளவே. அதனால் மைலேஜ் குறையாது, விலையும் சுமார் 50,000 ரூபாய்தான் கூடும். கியர் மாறும்போது தலை ஒரு முறை முன்னால் ஆடும். மாறும் நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் அது தெரியாது.

ஏஎம்டியைக் கெடுப்பது ஒரே பழக்கம்: மேம்பாலத்து ஏற்றத்தில், நெரிசலில், பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைப்பது. உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை வரும். ஏற்றத்தில் நின்றால் பிரேக்கில் கால், நேரம் ஆகும் என்றால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். கிளட்ச் தேய்மானம் வாரண்டியில் வராது.

சிஎன்ஜி எடுக்கலாமா?

மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, தினமும் போகிற வழியில் பங்க் இருந்தால் எடுக்கலாம். 60 லிட்டர் சிலிண்டரில் எட்டு, ஒன்பது கிலோ காஸ்தான் பிடிக்கும். டிக்கி போய்விடும் (இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைக்கும் மாடல்களில் கொஞ்சம் இடம் மிஞ்சும்). இழுவையும் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறையும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை கட்டாயம். வெளியே கிட் மாட்டாதீர்கள், இன்ஜின் வாரண்டி போய்விடும். கம்பெனியில் பொருத்தியே வருவதை வாங்குங்கள்.

மின்சார கார்?

வீட்டில் உங்களுக்கே உங்களுக்கென்று பார்க்கிங்கும் 15 ஆம்பியர் பிளக்கும் இருந்தால் மட்டும். 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன காரை அதில் சார்ஜ் செய்ய எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும், இரவில் போட்டால் காலையில் ரெடி. சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துத் திட்டமிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை ஒயர் இழுக்கச் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு புக் செய்யுங்கள்.

கடன் எத்தனை வருடத்துக்கு எடுப்பது?

5 லட்சம், 9% வட்டி என்று வையுங்கள். 5 வருடம் என்றால் மாதம் சுமார் 10,380, மொத்த வட்டி 1.23 லட்சம். 7 வருடம் என்றால் மாதம் சுமார் 8,045, மொத்த வட்டி 1.76 லட்சம். மாதத் தவணை 2,300 குறைகிறது, கடைசியில் 53,000 கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள்.

'ஃபிளாட் ரேட்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 9% ஃபிளாட் என்றால் 5 வருடத்துக்கு வட்டி 2.25 லட்சம், மாதம் 12,083. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 15.7% வட்டி. முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டுமா?

இல்லை. வெளியே விலை கேட்டு, அதைக் காட்டினாலே பல இடங்களில் ஷோரூம் விலை இறங்கும். ஒப்பிடும்போது ஐடிவி தொகையும் (பாலிசியில் உங்கள் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) ஆட்-ஆன்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐடிவியைக் குறைத்து பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது சுலபம்.

மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640, ஜிஎஸ்டி இருந்தால் தனி. இது எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பீடு பெரும்பாலும் 1 வருடத்துக்கே இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாலிசியில் '3 வருடம்' என்று பார்த்துவிட்டு இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விடுவார்கள். இடித்த பிறகுதான் வண்டிக்குக் காப்பீடே இல்லை என்று தெரியும்.

ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் (தேய்மானத்தைக் கழிக்காமல் பாகத்துக்குப் பணம் தருவது) எடுங்கள். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். நம் ஊர் இடிகளில் முதலில் போவது பம்பர்தான். சென்னை, கடலூர் மாதிரி தண்ணீர் தேங்கும் ஊர்களில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனும் வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் பலவற்றில் இன்ஜின் போனதற்குக் காரணம், தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பியதுதான். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் நுழைந்திருக்கும். தண்ணீரை அழுத்த முடியாது, அதனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இதற்குப் பணம் மறுப்பார்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

டெலிவரிக்கு முன் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன் பாருங்கள். பதிவு எண் விழுந்துவிட்டால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். பகலில் போங்கள். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் எல்லா வண்டியும் பளபளக்கும். முடிந்தால் யார்டிலேயே, கழுவிப் பூமாலை போடும் முன் பாருங்கள்.

முதலில் 17 இலக்க சேசிஸ் எண். வண்டியில் பொறித்திருப்பதும் இன்வாய்ஸில் இருப்பதும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். தயாரித்த மாதமும் வருடமும் படிவம் 21இல், அதாவது விற்பனைச் சான்றிதழில் இருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் தள்ளுபடி கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஒன்றுக்கொன்று நெருங்கிய வாரங்களில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் மாற்றியிருக்கிறார்கள்.

ஓடோமீட்டரில் 50 கிலோமீட்டருக்குள் இருப்பது வழக்கம். 100ஐத் தாண்டினால் டெஸ்ட் டிரைவ் வண்டியா என்று கேளுங்கள்.

பெயின்ட்டைப் பார்க்கக் குனிந்து, கதவின் நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். எதிரே தெரியும் கம்பமோ கிரில்லோ கதவில் நேராகத் தெரிந்தால் சரி. ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பட்டி பார்த்திருக்கலாம். பானட்டைத் திறந்து மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். கதவின் ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கினால் மறு பெயின்ட் அடித்த விளிம்பு தெரிந்துவிடும். மிதியடியைத் தூக்கித் தரை விரிப்பில் கையை வைத்து அழுத்துங்கள். ஈரமோ முடை நாற்றமோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பிறகு ஏசி, எல்லா விளக்குகள், நாலு கண்ணாடிகள், பூட்டு, ஹாரன், வைப்பர். இரண்டு சாவி, ஜாக்கி, ஸ்பேனர், இழுக்கும் கொக்கி, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி கையில் வந்ததா என்று பாருங்கள்.

எந்த மாதத்தில் வாங்கினால் விலை படியும்?

ஆடியில் டெலிவரி எடுக்கப் பலர் தயங்குவதால் அப்போது பேரம் நன்றாகப் படியும். ஆடியில் விலை பேசி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுப்பது தாராளமாக நடக்கும். டிசம்பரிலும் தள்ளுபடி உண்டு. ஆனால் ஒரு வாரத்தில் அது 'போன வருடத்து வண்டி' ஆகிவிடும். மூன்று வருடத்தில் விற்கப் போகிறவர்கள் ஜனவரித் தயாரிப்புக்குக் காத்திருக்கலாம்.

புதுச்சேரியில் பதிந்தால் வரி குறைவாமே?

அங்கே உண்மையாகக் குடியிருந்தால் சரி. தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் 'ஏற்பாடு' செய்து தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓட்டுவது? சர்வீஸ் உண்மையிலேயே இலவசமா?

ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். இன்ஜினை அலற விடவும் வேண்டாம், நாலாவது கியரில் முப்பதில் திணற விடவும் வேண்டாம். டெலிவரி எடுத்த மறுநாளே திருப்பதிக்குப் போகலாம், நூறைத் தாண்டாமல் போங்கள்.

பெரும்பாலும் 1,000, 5,000, 10,000 கிலோமீட்டரில் மூன்று இலவச சர்வீஸ். கூலிதான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் உண்டு. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் மாதக் கணக்கு உண்டு, தவறவிட்டால் வாரண்டிக்குச் சிக்கல். 10,000 கிலோமீட்டரில் இன்ஜின் டீகார்பனைசிங், ஃப்ளஷிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன் என்று வரிசையாகச் சொல்வார்கள். மேனுவலின் பராமரிப்பு அட்டவணையைத் திறந்து, அதில் இருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஆயிலின் தரம் மேனுவலில் போட்டதுதானா என்று பில்லில் பாருங்கள். இப்போதைய சின்ன இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 போன்ற மெல்லிய ஆயில்தான் வேண்டும். 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று கெட்டி ஆயில் ஊற்றினால் மைலேஜ் குறையும்.

ஹெட்லைட் மங்கல் என்று 60/55 வாட் பல்பைக் கழற்றி 100 வாட் போடாதீர்கள். 60 வாட்டுக்கு ஒயரில் 5 ஆம்பியர் ஓடும், 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டர் உருகிவிடும். ஒயரை வெட்டிச் செய்த எந்த வேலையும் மின் பாகங்களின் வாரண்டியை மறுக்கக் காரணமாகிவிடும்.

புது வண்டியில் கோளாறு வந்து, சரிசெய்யாமல் இழுத்தடித்தால்?

ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது எழுதும் தாள்) கோளாறை உங்கள் வார்த்தைகளில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். 'குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு நிமிடம் டிக் டிக் சத்தம்' என்று குறிப்பாக இருக்க வேண்டும். சத்தத்தை வீடியோ எடுங்கள். ஒரே கோளாறு மூன்று ஜாப் கார்டில் இருந்தால் அதுவே சாட்சி. கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், ஃபோனில் பேசியதற்குப் பதிவு இருக்காது. அதற்கும் வழி பிறக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 2 வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

கடன் முடிந்தது. இனி ஒன்றும் செய்ய வேண்டாமா?

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். வங்கியிடம் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35 (ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் படிவம்) இரண்டு நகலும் வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து நீக்க வேண்டும். சான்றுக்குக் காலக்கெடு உண்டு, பீரோவில் வைத்துவிட்டு மறந்தால் மறுபடி வங்கிக்கு அலைய வேண்டும். பெயர் நீங்கிய ஆர்சி வந்ததும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் வங்கியின் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெரிய இழப்பீடு வரும்போது காசோலை வங்கியின் பெயரில் போய் நிற்கும்.